ஐந்தாவது ஒற்றை வட்டம்

குழாய்க்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் கடைசியில் அவன் அதைக் குழாய் வேலையாகத்தான் ஆக்குவான் என்று யிப் கின்-சுங்கின் மாமியார் டோங் அம்மா சொல்வாள். மருமகன் காதில் விழும்படிதான் சொல்வாள்.

யிப்புக்கு ஐம்பத்து மூன்று வயது. படிப்பு ஆறாவதோடு சரி. ஷாம் சூய் போ வட்டாரத்தில் எந்த வீட்டுத் தொட்டி அடைத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டான். அன்றைக்கு மாமியார் வீட்டில் மாஜாங், நாலு பேர் காய் அடுக்கி ஆடுகிற சீன ஆட்டம். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறான். ஆட வா என்று ஒருத்தரும் சொன்னதில்லை. மேசைக்கு நாலே நாற்காலி, நாலிலும் ஆள்.

போன பிப்ரவரியில் அந்த நால்வரில் ஒருத்தி மகளோடு வான்கூவருக்குக் குடிபோய்விட்டாள். காலி நாற்காலி யாருக்கு என்பதைத் தன் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் சொல்கிறேன் என்றாள் டோங் அம்மா. யிப்புக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் மூத்த மகளின் புருஷன், சகலை ஃபங் வாய்-லுன், அதே நாற்காலியைக் குறிவைத்திருந்தான். அவன் காப்பீடு விற்கிறவன். மேசையைச் சுற்றி வயதான பெண்கள் மூன்று பேர் என்றால் அவனுக்கு மூன்று பாலிசி. வருஷா வருஷம் ஓட்டலில் சொல்லி மூன்றடுக்கு கேக் கொண்டுவந்து மாமியாரைக் குளிரவைப்பதும் அவன்தான்.

“இந்த வருஷம் கேக் நான் செய்றேன்” என்று யிப் சொன்னபோது அவன் பெண்டாட்டி லாய்-குவன் சிரிக்கக்கூட இல்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கைபேசியில் ஒரு பெண்மணி ஃபாண்டன்ட் செய்து காட்டுவதைப் பதினொரு தடவை பார்த்தான். சர்க்கரையைச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, தட்டி, வேண்டிய உருவமாக்குகிற வேலை. பார்க்கப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்தது. குழாய் மூட்டில் அப்புகிற மக்குக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதைத் தின்னலாம், அவ்வளவுதான். சலவை இயந்திரத்தின் தலையில் குட்டி அடுப்பை வைத்துக் கேக்கைச் சுட்டான். புதுப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் அறுத்துக் கழுவி ஃபாண்டன்ட்டை உருட்டினான். கேக்கின் மேலே மாஜாங் மேசை விரிப்புபோலப் பச்சை போர்த்தினான். சாயம் கையைவிட்டுப் போகவில்லை. மறுநாள் தொட்டி அடைப்பு எடுக்கப் போன வீட்டில், உங்களுக்கு இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கரிசனமாக விசாரித்தார்கள்.

விரிப்பின்மேல் ஜெயிக்கிற கை ஒன்று: பதினான்கு காய், அத்தனையும் வட்டம் பொறித்த காய். செப்புக் குழாய்த் துண்டால் அழுத்தினால் வட்டம் அச்சாக விழுந்தது. ஒன்று முதல் ஒன்பது வட்டம்வரை வெட்டி ஒட்டி, இரண்டு நாள் காயவைத்தான். அசல் எது, சர்க்கரை எது என்று லாய்-குவனே ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அதற்காக அவன் இன்னொன்று செய்ய வேண்டியதாயிற்று.

விருந்தன்றைக்கு உணவகத்தில் நுழைந்ததுமே, இதைக் குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதே என்று பரிமாறும் பெண்ணிடம் படித்துப் படித்துச் சொன்னான். அவள் நல்ல பெண். பிறந்தநாள் கேக் கெட்டுவிடக் கூடாதே என்று குளிர்பெட்டியில் வைத்தாள். மீன் வந்த பிறகுதான் யிப்புக்குத் தெரிந்தது. மே மாதம், சுவரே வியர்க்கிற புழுக்கம். வெளியே எடுத்த கேக்குக்கும் குப்பென்று வியர்த்துவிட்டது. பதிமூன்று காயைத் துணியால் ஒற்றிப் பிழைக்கவைத்தான். எட்டு வட்டம் போட்ட ஒரு காய்மேல் மட்டும் பெரிய சொட்டு விழுந்து, எட்டும் கலந்து நசுங்கின திராட்சையாகக் கிடந்தது.

உள்ளே கேக் எங்கே, கேக் எங்கே என்கிறார்கள். எட்டு வட்டம் வெட்ட நேரமில்லை. காயை வழித்துவிட்டு, பெட்டி மூலையில் கிடந்த மிச்சத் துண்டில் பெரிதாக ஒரே வட்டம் அழுத்தி ஒட்டினான். பதினாலு காயில் ஒன்றை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான். எழுபது வயது மாஜாங்காரிகள் உட்கார்ந்திருக்கிற மேசைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நினைக்கிற நினைப்பா அது?

கேக் அழகாக இருக்கிறது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று மூக்குக்கண்ணாடிகள் மூக்கில் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மேசைக்காரிகளில் ஒருத்தியான கோ அம்மா விரலை நீட்டி எண்ணினாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அக்கா, இதுல ஒத்த வட்டம் அஞ்சு இருக்கு.”

மாஜாங் காய்க் கட்டு ஒன்றில் ஒற்றை வட்டம் நாலுதான். ஐந்தாவது வந்தால் அது திருட்டுக் காய். மேசையில் அப்படி ஒன்று அகப்பட்டால் அந்த வீட்டுப் பக்கமே அப்புறம் யாரும் தலைவைக்க மாட்டார்கள்.

“அஞ்சாவது யாரு வீட்லருந்து வந்துச்சு, மாப்ள?” என்று கேட்டாள் டோங் அம்மா.

சகலைக்கு வாயெல்லாம் பல். “எழுவதாவது பொறந்தநாளும் அதுவுமா அத்தைக்கிக் கள்ள ஆட்டமா, சகலை? நான் எப்பவும் கொண்டாரதயே கொண்டாந்திருப்பேன்ல.”

“நீ சும்மா இரு” என்றாள் டோங் அம்மா. “நீயும் ஆடணும்ங்கறவன்தான? அந்த எடத்துல என்ன காய் இருக்கணும், சொல்லு பாப்பம்.”

ஃபங் வாய்-லுன் கேக்கை வெகுநேரம் பார்த்தான். பிறகு, “ஒரு ரோஜாப்பூ வெச்சிருந்தா எடுப்பா இருந்திருக்கும், அத்தே” என்றான்.

டோங் அம்மா யிப் பக்கம் திரும்பினாள். அவன் கேக்கைப் பார்க்காமலே சொன்னான்.

“எட்டு வட்டம், அத்தே. வேர்த்து ஊத்தி அழிஞ்சிபோச்சு. இது உங்க கைதான். போன வருஷம் புயல் எச்சரிக்கை விட்ட ஞாயித்துக்கெழம நீங்க கடைசியா எடுத்தது எட்டு. அதோட கை முடிஞ்சிருச்சு. எல்லாமே வட்டமா வந்ததுல உங்களுக்குக் கண்ணுல படல. எடுத்தத அப்படியே தூக்கிப் போட்டுட்டீங்க.”

“அத நான் எடுத்துத்தான ஜெயிச்சேன்” என்றாள் கோ அம்மா. இவ்வளவு நாள் கழித்தும் அவள் முகம் மலர்ந்தது.

டோங் அம்மாவின் உதடு அசைந்தது. ஒன்று ஒன்று ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று மனசுக்குள்ளே மூன்று மூன்றாகக் கையை அடுக்கிப் பார்த்தாள். கடைசியில் ஒன்பதில் ஜோடி சேர்ந்து கை முடிந்ததும் அவள் முகம் கறுத்தது.

“அன்னிக்கே ஏன்டா சொல்லல?”

“பின்னால உக்காந்திருக்கவன் வாயத் தொறக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, அத்தே.”

போச்சு, நாற்காலியும் போச்சு, முக்காலியும் போச்சு என்று யிப் முடிவுகட்டிவிட்டான். டோங் அம்மா அந்த ஐந்தாவது ஒற்றை வட்டத்தைப் பிடுங்கி வாயில் போட்டு, ஊர் பார்க்க மென்று விழுங்கினாள்.

“ஞாயித்துக்கெழம ஒரு மணிக்கு வந்துரு. எனக்கு எதிர நாற்காலி போட்டு உக்காரு” என்றாள். “இத்தன வருஷமா என் கையப் பாத்து வெச்சிருக்க. இனிமே உன்ன முதுகுக்குப் பின்னால விட முடியாது.”