நெஞ்சுக்கும் தொண்டைக்கும் ஒரே சொல்

வாமதேவன் சித்தப்பா லண்டனில் பதினாறு வருடம் பஸ் ஓட்டினார். அதற்கு முன் டோர்ட்முண்டில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினார், பாரிஸில் நாலு வருடம் மூட்டை தூக்கினார். மூன்று நாட்டுப் பாஷையிலும் நன்றாகத் திட்டுவார். நான் பாஷை படித்தது அவரிடம்தான்.

செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கணிதப் பாடத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மோர்டன் நூலகத்துக்குள் நுழைந்தேன். பள்ளிக்கூடத்தை ஏமாற்றுகிறவளை நூலகத்தில் யார் தேடப்போகிறார்கள்? அங்கே பஸ் சீருடையோடு சித்தப்பா இருந்தார். முன்னால் நாலு அகராதி.

"கம்சி, பள்ளிக்கூடம்?"

"சித்தப்பா, பஸ்?"

கள்ளர் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் பிடிபட்டோம். பிறகு அவர்தான் சொன்னார். ஓகஸ்டில் வைத்தியர் அவருக்கு அஞ்சைனா என்று எழுதிவிட்டார். இதயத்துக்கு இரத்தம் போதாமல் நெஞ்சு நோகிற வருத்தம். அது இருந்தால் பஸ் ஓட்டக்கூடாது. அவரே டிப்போவில் போய்ச் சொல்லிவிட்டார். வீட்டில்தான் சொல்லவில்லை. வைத்தியரின் கடிதத்தை உடைத்த தவமலர் சித்தி, "என்னப்பா, திரும்பவும் அங்கீனாவோ?" என்று கேட்டிருக்கிறாள். ஜெர்மனியில் அதே எழுத்தை அங்கீனா என்று வாசிப்பார்கள்; பொருள் தொண்டை அழற்சி. டோர்ட்முண்டில் அவருக்கு இரண்டு தரம் வந்தது. சித்தப்பா மறுக்காமல் "ஓம்" என்றுவிட்டார். அன்று முதல் அவருக்குக் காலையில் சீருடை, மாலையில் கொத்தமல்லித் தண்ணீர்.

நாள் முழுக்க வேலை இல்லாதவர் அந்தச் சொல்லையே துரத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும்கூட அது தொண்டைதானாம். ஆங்கிலக்காரன் நெஞ்சுக்கு இறக்கிவிட்டானாம். வேர் லத்தீன்: நெருக்குவது, குரல்வளையைப் பிடிப்பது. ஜெர்மன்காரன் பயத்தை அங்ஸ்ட் என்கிறானே, அதுவும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் கோபத்துக்குச் சொல்லும் ஆங்கரும் அப்படித்தான். நோர்வேயில் அந்த ஆங்கருக்கே, செய்த பிழைக்கு வருந்துவது என்று பொருள்.

"சித்திக்குத் தெரிஞ்சால் உங்களுக்கு எல்லாம் ஒண்டா வரும்," என்றேன்.

"வாயை மூடு. நீயும் சொல்லாதை, நானும் சொல்லமாட்டன்."

அதன்பின் செவ்வாய்தோறும் போனேன். கணிதத்துக்குப் பயந்து வருகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.

கந்தசஷ்டியின் ஆறாம் நாளும் செவ்வாயாக வந்தது. சித்தப்பா தண்ணீரும் குடிக்காத விரதம். பின்னேரம் விம்பிள்டன் கோயிலில் சூரன்போர் பார்க்கப் போவதாக இருந்தார். இரண்டு மணிக்குப் பக்கம் புரட்டிய கை அப்படியே நின்றது. முகம் சாம்பல் நிறமாயிற்று. தாடையைப் பிடித்துக்கொண்டார்.

நாக்கின் கீழ் அடிக்கிற மருந்துக் குப்பி அவர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"வாயைத் திறவுங்கோ."

தலையை ஆட்டினார். "விரதம் பிள்ளை. நாளைக்குப் பாரணை முடியட்டும்."

"உங்களுக்கென்ன விசரோ!"

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நூலகப் பெண்ணிடம் அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லிக் கத்தினேன். பிறகு சித்தியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"கம்சி, பள்ளிக்கூட நேரத்திலை என்ன?"

"சித்தி, சித்தப்பா நூலகத்திலை. மருந்தை எடுக்கிறார் இல்லை."

"தொண்டைக்கோ? அவர் பஸ்ஸிலையெல்லோ?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"தொண்டையில்லை, தவம். நெஞ்சு. ஓகஸ்டிலையிருந்து நான் பஸ் ஓடேல்லை."

மறுமுனையில் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது; சித்தி வெளிக்கிட்டுவிட்டாள்.

"வாயைத் திறவுங்கோப்பா," என்றாள் சித்தி. "முருகனோடை நான் கதைக்கிறன். திறவுங்கோ எண்டுறன்!"

திறந்தார். அடித்தேன். ஐந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. நெஞ்சு நோவு குறையவில்லை. மறுபடி அடித்தேன். வெளியே சைரன் கேட்டது. கதவுப் பக்கம் ஓடிவந்த அம்புலன்ஸ்காரருக்கு நான் கையைக் காட்டினேன்.

சித்தி வீதியில் ஓடிக்கொண்டே போனில் கேட்டாள். "கம்சி, எப்பிடி இருக்கிறார்?"

"பரவாயில்லை சித்தி."

"ரெண்டு பேரும் இனிப் பொய் சொல்ல வேண்டாம். அவரைக் கதைக்கச் சொல்லு."

போனை அவர் வாயருகே பிடித்தேன்.

"இருக்கிறன், தவம்," என்றார்.