மூடி வைத்த டீ

வயிற்றில் ஆபரேஷன் ஆகி என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்து அறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். புழுதி பட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்று நர்ஸம்மா சொல்லி, நடுவில் பிளாஸ்டிக் படுதா கட்ட வைத்திருந்தார்.

கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். போக வர வசதியாக இருக்கட்டும் என்று படுதாவைச் சுருட்டி மேலே செருகிவிடுவார். தன் சட்டையில் துளி சுண்ணாம்பு பட்டால் மட்டும் கைக்குட்டையால் தட்டிக்கொண்டே இருப்பார்.

நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பதென்றால்கூட முதலில் தறிமேல் பழம்புடவையைப் போர்த்துவோம். பட்டுக்கே அந்த மரியாதை உண்டு.

நான் அதிகம் வாய் திறக்காதவள். ஒருநாள் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் டீ கிளாஸைப் பேப்பரால் மூடியதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"டீயை ஏங்க மூடுறீங்க?"

"தூசி உழுதுல்லம்மா, அதான்."

"உள்ள ஒருத்தரு வயித்தக் கிழிச்சிப் படுத்துக்கினு இருக்காருங்க. அந்தப் படுதாவ இறக்கி உடக்கூடாதா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "ஆமாமா, தூசி ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்றார். கிளாஸை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

படுதாவை நான்தான் இறக்கினேன். தூசியைத் தெரிந்த மனிதர்தான். டீக்கு இருந்த அக்கறை ஒரு வயிற்றுக்கு ஏன் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.