சிவப்புப் பிடி போட்ட பிரஷ்

மூத்தவளுக்குப் பதினோரு வருஷமாக அந்தக் கடைதான் உலகம். நாய்களைக் குளிப்பாட்டி, வாரிவிட்டு, நகம் வெட்டி அனுப்பும் சின்னக் கடை. மேசையில் ஏறும் நாயின் முடியை விரலால் விலக்கிப் பார்த்தால் போதும், கை தானாக உரிய பிரஷைத் தேடிப் போகும். வழவழப்பான குட்டை முடிக்கு ரப்பர். பட்டுப்போல் தொங்கும் நீள முடிக்கு முனை உருண்ட ஊசி. சுருட்டை முடிக்கு வளைந்த மெல்லிய கம்பி. அவள் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது, போன வருஷம் கொழுந்தனின் மனைவி அதே கடையில் வந்து சேரும்வரை.

இளையவள் வேறொரு கடையில் தொழில் கற்றவள். சிவப்புப் பிடி போட்ட தன் சொந்தக் கம்பி பிரஷோடு வந்தாள். சுருட்டை முடி நாய்கள் அவள் கையில் பஞ்சுப் பொதியாக மாறின. வருகிறவர்கள் அவளையே கேட்டார்கள். வீட்டில் மாமியாருக்கும் எந்நேரமும் சின்னவள் புராணம்தான். மூத்தவள் சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்வாள். வயிறு மட்டும் எரியும்.

அதையும் பொறுத்திருப்பாள். ஆறு வருஷமாகத் தன் பழுப்பு நாயை அவளிடமே கொண்டுவரும் கணக்கு வாத்தியார் ஒரு மத்தியானம் வாசலில் நின்று, "சின்னவங்க இல்லையா?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இளையவள் சாப்பிடப் போயிருந்தாள்.

"வந்துடுவா சார், விட்டுட்டுப் போங்க" என்று மூத்தவள் நாயை வாங்கிக்கொண்டாள்.

இளையவள் வரும்முன் தானே முடித்துக் காட்டிவிட வேண்டும். நாய்க்கு உடம்பெல்லாம் குட்டை முடி. கை ரப்பர் பிரஷுக்குத்தான் போனது, மனம் விடவில்லை. அந்தச் சிவப்புப் பிடியில்தான் ஏதோ மாயம் இருக்கிறது என்று பட்டது. எடுத்தாள். முதல் இழுப்பிலேயே உதிர்முடி கொத்தாக வந்தது. இவ்வளவுதானா சங்கதி என்று இன்னும் அழுத்தினாள். அடர்ந்த சுருட்டைக்குள் புகுந்து வர வேண்டிய கம்பி, இங்கே நேராகத் தோலில் இறங்கியது. நாய் முனகிக்கொண்டு காலை இழுத்தபோதுதான் பார்த்தாள்: தொடையில் கோடு போட்ட நோட்டுப் போல மெல்லிய சிவப்புக் கோடுகள்.

வாத்தியாரும் இளையவளும் ஏறக்குறைய ஒன்றாக உள்ளே வந்தார்கள். வாத்தியார் தொடையைப் பார்த்தார், மேசையில் கிடந்த பிரஷைப் பார்த்தார். அது யாருடையது என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

"என்னம்மா, இது உங்க வேலையா?" என்று இளையவளைக் கேட்டார்.

அவள் திருதிருவென்று விழித்தாள். மூத்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு வருஷ எரிச்சல் தணிந்துவிடும். ஆனால் அந்த நாயின் மேல் பட்டதை இவள் வேலையா என்று அவர் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. ஆறு வருஷமாகத் தன் கைபட்ட நாய். அதன் காயத்தைக்கூட இவளுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அவ தொடவே இல்ல சார். நான்தான். பிரஷை மாத்தி எடுத்துட்டேன்."

இளையவள் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் தொடையில் ஒற்றினாள். "ரெண்டு நாள்ல ஆறிடும் சார். எந்த முடிக்கு எந்த பிரஷுன்னு எனக்கே அக்காதான் சொல்லித் தந்தாங்க. இன்னைக்கு ஏதோ அவசரம்."

மூத்தவள் அவளுக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை.

வாத்தியார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டில் விஷயம் எப்போது அவிழும் என்று மூத்தவள் காத்திருந்தாள். இளையவள் தட்டுகளை வைத்தாள், பரிமாறினாள், வேறு ஏதேதோ பேசினாள். மாமியார் மூத்தவளைப் பார்த்து, ஏன் முகம் தொங்கிப்போயிருக்கிறது என்று விசாரித்தாள்.

"அக்காவுக்குத் தலைவலி அத்தை" என்று அதற்கும் இளையவளே பதில் சொன்னாள்.

போட்டுக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்று நினைத்தபடி மூத்தவள் தட்டிலிருந்த சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.