செல்வராஜுக்குப் பிடிக்காத ஒட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ பேரைக் கண்ணை மூடித் துணி போர்த்தி அனுப்பியிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. இனி சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு இருக்கிற கோபம் வேறு.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பட்டாசு லோடு லாரி ஓட்டியவர். நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய பைக்கில்தான் மகள் ஜெனியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் டியூட்டிக்குப் போவேன். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் பஞ்சர் ஒட்டவே விடமாட்டார். ஆணி குத்தினால் டயர், டியூப் இரண்டும் புதுசு. "வெடிமருந்து ஏத்துறவன் ஒட்டுப்போட்ட டியூப நம்பலாமாடி?" என்பார். வீட்டு பைக்கில் வெடிமருந்தா ஏற்றுகிறோம்? சொன்னால் கேட்டால்தானே!

போன பட்டாசு சீசனில் சாத்தூர் ரோட்டில் பின்சக்கரம் பஞ்சர். கடைக்கார அண்ணாச்சி டயரைத் தடவிவிட்டு, "தேஞ்சு போச்சு சிஸ்டர், மாத்திருங்க" என்றார்.

"இன்னும் கோடு தெரியுதுல்ல அண்ணாச்சி. ஒட்டிக் குடுங்க."

மறுநாள் காலை டயர் தரையோடு தரை. அண்ணாச்சி டியூபை உருவினால் ஓட்டை இருக்கிறது, ஒட்டைக் காணோம். டயருக்குள் கைவிட்டுத் துழாவினார், அங்கேயும் இல்லை. "வெயிலுக்கு ஓரம் தூக்கும் சிஸ்டர், காணாமப் போகாது" என்றார். வேலை தெரியாத ஆள் என்று அவரை ஏசித் தீர்த்துவிட்டேன். மறுபடி ஒட்டி, தண்ணீரில் அமுக்கி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். வீட்டில் கேட்டைப் பூட்டினேன்.

விடிந்து பார்த்தால் டயர் மறுபடி சப்பை. அந்த ஒட்டு பெட்ரோல் டேங்கின் மேல், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது. டயரை யாரும் கழற்றிய அடையாளம் இல்லை, பூட்டும் பூட்டியபடி. அண்ணாச்சி வந்து பார்த்து, "நான் கத்திரிச்ச ஒட்டேதான்" என்று வண்டியை விட்டுத் தள்ளி நின்றார்.

எனக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க அந்த பைக்கைப் பார்த்துக் கத்தினேன். "ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல? ஒரு டியூபுக்கு வரத் தெரியுதுல்ல? உங்க மக பத்தாவது பரீட்சைக்குப் போகமாட்டேன்னு அப்பா அப்பான்னு கிடந்து அழுதாளே, அன்னைக்கு எங்கன போயிருந்தீக?"

ஜெனி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "எம்மா, ஏசாதீங்கம்மா. பெறகு அப்பா வரமாட்டாக."

அன்றைக்கே டயரும் டியூபும் புதுசு மாற்றினேன். செத்தும் தன் பிடிவாதத்தைச் சாதித்துவிட்டார் மனுஷன். அப்புறம் வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஜெனிதான் தினமும் எழுந்ததும் போய்ப் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பாள். காற்று இறங்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே வருவாள். எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

அண்ணாச்சி கடைக்குப் போனேன். புது டியூபில் ஆணியால் ஒரு குத்துக் குத்தி, அதில் ஒட்டுப் போடச் சொன்னேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு சிஸ்டர்? நல்ல டியூபுல்ல?"

"போடுங்க அண்ணாச்சி. வந்து பிய்க்கட்டும்."

அவர் பிய்க்கவில்லை. எத்தனையோ காலை ஆகிவிட்டது, அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது. டயர் புதுசென்றால் போதுமா அவருக்கு, நாங்கள் வேண்டாமா? ஜெனி இப்போது போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நான்தான் விடிந்ததும் போய்த் தொடுகிறேன். கல்மாதிரி காற்றோடு நிற்கிறது டயர். அன்றைக்கு வராத பயம் இப்போதுதான் வருகிறது.