சராசரிக்குள் அடங்காத புகை

காற்றை அளக்கிற வேலையில் ஒரு சங்கடம், அளந்து முடிப்பதற்குள் அந்தக் காற்று போய்விடும். மீட்டர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற என் சக பாவிகளுக்கு இது தெரிந்ததுதான்.

தட்டிப் பார்த்த பெட்டி

நாமக்கல்லில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. சேந்தமங்கலம் பக்கம் ஒருவர் தன் வயற்காட்டில் சருகு எரித்துக்கொண்டிருந்தார். பழகிக்கொள்ளலாம் என்று இருபதடி தள்ளி, காற்றிலுள்ள புகைத்தூசியை அளக்கும் மீட்டரை வைத்தேன். மூன்று என்றது. அடுத்த நொடி முந்நூறு. உடனே நான்கு. பெட்டியைத் தட்டினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அப்படியேதான் ஆடியது.

கூட வந்த சீனியர் முருகேசன் தரையைக் காட்டினார். வெயிலில் சூடான மண்ணிலிருந்து காற்று மேலே கிளம்புகிறது, வரப்பிலும் செடியிலும் முட்டிச் சுழல்கிறது, புகையைத் துண்டு துண்டாகப் பிய்த்து எறிகிறது. துண்டு வந்தால் முந்நூறு, இடைவெளி வந்தால் மூன்று. "மீட்டர் நல்லாத்தான் இருக்குதுங்க. காத்துக்குத்தான் ஒரு நிலை கெடையாது."

வாசலில் ஒரு மணி நேரம்

கொல்லிமலையில், எடப்புளி நாடு என்ற மலைக்கிராமத்தில், சடையன் என்ற விவசாயி புகார் கொடுத்திருந்தார்; அளக்கும் வேலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அவர் வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு விடுதி. அங்கே தினமும் பிளாஸ்டிக் குப்பையைக் குழியில் போட்டு எரிப்பார்கள். சடையன் மனைவி வெள்ளையம்மாவுக்கு வீசிங்.

மீட்டரை வாசலில் வைத்தேன். பெரும்பாலான நேரம் காற்று சுத்தம். ஏழெட்டு முறை மட்டும் ஒரு கொத்துப் புகை தரையோடு உருண்டு வந்து வாசலில் மோதியது. எண் எகிறும், வெள்ளையம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார், பத்து நொடியில் எல்லாம் போய்விடும். ஆனால் அவருக்கு இரைப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் கிளம்பும்போது சடையன் பின்னாலேயே வந்தார். "வேற ஒண்ணும் வேண்டாமுங்க. பாத்தத அப்படியே எழுதுங்க."

ஒரே கட்டம்

அறிக்கைப் படிவத்தில் ஒரு மணி நேரச் சராசரிக்கு ஒரு கட்டம் இருந்தது. கணக்குப் போட்டேன். வரம்புக்குள் வந்தது. ஏழெட்டு முறை எகிறியதை ஐம்பத்தெட்டு நிமிடச் சுத்தக் காற்று விழுங்கிவிட்டது. அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நொடிக்கு நொடி பதிவான தாளையும் சேர்த்து வைக்கலாமா என்று மேனேஜரைக் கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார். "கட்டம் ஒண்ணுதான் இருக்குதுங்க. நம்பரும் ஒண்ணு போதும்." அதற்கு மேல் வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

அறிக்கை வாசிப்பு

சில வாரம் கழித்து வேறு வேலையாக மலைக்குப் போனபோது சடையன் வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். ஒரு காலையில் வெள்ளையம்மா வாசலில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு கொத்துப் புகை வந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. வண்டி பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சடையன் உள்ளே போய் என் அறிக்கையை எடுத்துவந்தார். தனக்குச் சரியாகப் படிக்க வராது, வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தேன். 'சராசரி அளவு வரம்புக்குள் உள்ளது' என்ற வரியோடு அறிக்கை முடிந்தது. அவர் கோபப்படவில்லை. தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். "ஒரு மணி நேரத்துக்குக் கணக்குச் சொல்றீங்க சார். அவ ஒவ்வொரு மூச்சாத்தானுங்களே இழுத்தா."

மறுவாரம், ஆய்வகத்தில் கிடந்த அந்த நொடிக்கு நொடி பதிவான தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து சடையனிடம் கொடுத்தேன். அதை வைத்து அவர் கொடுத்த இரண்டாவது புகாருக்குப் பிறகு விடுதிக்காரர்கள் குழியைச் சரிவின் மறுபக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கிருக்கும் மூன்று வீடுகளிலிருந்து இன்னும் யாரும் புகார் கொடுக்காததால் அங்கே காற்று சுத்தம்.