கழுத்து ஆடும் சாக்கெட்

போன திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு என் மச்சானின் கார் மூன்று முறை இருமியது. நின்றுவிட்டது.

கார் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். அன்றைக்குச் செய்திதான். பதினொரு மணிக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மச்சானின் மகள் சுமதிக்கு டீச்சர் வேலை இன்டர்வியூ.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். நிறைய நெல், கொஞ்சம் கரும்பு, ஏராளமான கௌரவம். அந்த வீட்டிலிருந்து இதுவரை எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. சுமதி பி.எட். முடித்து, ஒரு வருஷம் சண்டை போட்டு, நாலு நாள் சாப்பிடாமல் இருந்து இந்த அனுமதியை வாங்கியிருந்தாள். அதற்கும் ஒரு கண்டிஷன் — காரில்தான் போகவேண்டும். பஸ்ஸில் போனால் ஊர் என்ன சொல்லும்?

இன்டர்வியூ தவறினால் ஆவணியில் கல்யாணம். அதுவும் பேசி வைத்ததுதான்.

நான் அவளுக்குத் துணையாகப் போவதற்காக மெட்ராஸிலிருந்து முந்தின நாளே வந்திருந்தேன். வந்த பாவத்துக்கு நானும் பானெட்டுக்குள் தலையை விட்டேன். கார் ஸ்டார்ட் ஆகும்... 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்... உயிரை விடும். மச்சான் விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். நான் சட்டையில் கிரீஸ் பூசிக்கொண்டேன். வேறு முன்னேற்றம் எதுவும் இல்லை.

எட்டே காலுக்கு மோசஸ் சைக்கிளில் வந்தார். உத்திரமேரூரில் பம்ப்செட், டிராக்டர் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா மச்சான் வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த ஒரு காரணத்தால், நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும், மோசஸ் மச்சானுக்கு இன்னும் 'டா'தான்.

"இன்னாடா மோசஸு, ஆள் அனுப்பி எவ்ளோ நேரமாவுது?"

"ஒரு பம்ப்செட்ட பிரிச்சிப் போட்டுக்கினு இருந்தேங்க ஐயா. அப்டியே வுட்டுட்டு வந்தேன்."

காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஆயில் கேனை எடுத்து எஞ்சின் பக்கவாட்டில் இரண்டு சொட்டு விட்டார். 'உஸ்ஸ்' என்ற சத்தம் 'புஸ்க்' என்று மாறியது.

"காத்து வாங்குதுங்க. பெட்ரோலு உள்ள போற குழாய புடிச்சிக்கினு கீற நட்டு ஒண்ணு லூஸாகீது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? முடுக்குடா!"

அங்கேதான் சிக்கல். அந்த நட்டு கார்புரேட்டருக்கு அடியில், இரண்டு பைப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, கை போகாது. ஸ்பானர் போனாலும் திருப்ப இடமில்லை. நட்டின்மேல் தொப்பி மாதிரி கவிழ்ந்து திருப்பும் சாக்கெட்டை நேராக விட்டால் பைப் தடுக்கிறது.

"கழுத்து வளையற சாக்கெட்டு வோணுங்க" என்றார் மோசஸ். "யுனிவர்சல்னு சொல்வாங்க. நடுவுல ஒரு மூட்டு இருக்கும். நம்ம மணிக்கட்டு மாதிரி எந்தப் பக்கம் சாச்சாலும் திரும்பும். எங்கிட்ட இல்ல."

கொஞ்சம் தயங்கினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்ககிட்ட ஒண்ணு கீதுங்களே ஐயா..."

மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைச் சுமதி சொன்னாள்.

துபாயில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் மச்சானுக்கு ஒரு டூல் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உள்ளே சிவப்பு வெல்வெட், பளபளவென்று இருபது முப்பது சாமான்கள். அது பட்டுப்புடவைகளோடு பீரோவில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் திறந்து காட்டப்படும். மற்றபடி யாரும் தொடக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால், அதில் ஒரு சாக்கெட்டின் கழுத்து லொட லொடவென்று ஆடுவதை மச்சான் கண்டுபிடித்திருக்கிறார். 'ஒடஞ்ச சாமான என் தலையில கட்டிட்டான்!' என்று கொதித்து, நேராக மோசஸ் கடைக்குப் போய்... ஆடாமல் வெல்டிங் வைக்கச் செய்துவிட்டார்.

ஆமாம். வளைவதற்கென்றே செய்த மூட்டுக்கு வெல்டிங்!

"தெரிஞ்சிக்கினேவாடா வெல்டிங் வச்ச? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?" என்று மச்சான் பாய்ந்தார்.

"சொன்னேங்களே ஐயா. 'சொன்ன வேலையச் செய்யி, எனக்குப் பாடம் நடத்தாத'ன்னீங்க."

சிரிப்பு வந்தது. சுமதியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சர்ட்டிஃபிகேட் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"நைனா, ஒம்போது மணி பஸ்ஸு கீது. நான் போறேன்."

"பஸ்ஸுல போற வேல ஒண்ணும் வாணாம். உள்ள போ!"

அவள் உள்ளே போகவில்லை. தெருவைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள். மச்சான் குறுக்கே வந்து நின்றார்.

"பாப்பா, ஒரு இருவது நிமிசம் இரும்மா" என்றார் மோசஸ். "அந்த சாக்கெட்ட எடுத்துக்கினு வா."

சுமதி ஓடிப்போய் எடுத்து வந்தாள். மோசஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா சுத்தி வெல்டிங் அடிக்கச் சொன்னாரு. நான் ரெண்டே ரெண்டு பொட்டுதான் வச்சேன். நல்ல சாமானுங்க. மனசு வரல. என்னிக்காவது வேணும்னு தெரியும்."



துவைக்கிற கல்லின்மேல் சாக்கெட்டை வைத்து நான் குறடால் பிடித்துக்கொள்ள, மோசஸ் அரத்தால் ராவினார். ஒரு பொட்டு போனது. இரண்டாவதும் போனது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினார். கழுத்து அசைந்தது. அதை நீளக் கம்பியில் மாட்டி, பைப்புகளுக்கு நடுவே விட்டார். உள்ளே போய்ச் சாய்ந்து நட்டைக் கவ்வியது.

"புட்ச்சிகிச்சி!"

நாலு திருகு. கார் உறுமியது. 'உஸ்ஸ்' இல்லை. மணி ஒன்பது பத்து.

"நீயும் வாடா. வழியில நின்னுட்டா?" என்றார் மச்சான்.

"நான் சைக்கிள்ல பின்னாலயே வரேங்க" என்றார் மோசஸ். காஞ்சிபுரம் வரைக்குமா? அந்தக் காரில் தனக்கு எந்த சீட் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்குமே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சுமதி முன்கதவைத் திறந்தாள். "அண்ணே, நீங்க முன்னாடி ஒக்காருங்க. மாமா எங்கூட பின்னாடி வரட்டும்."

வண்டி ஓட்ட வந்த மச்சான் காரின் முன்கண்ணாடியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கே இல்லை. மோசஸ் கையைப் பேன்ட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

பத்தே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்தோம். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தவள், "ஜூன்லேர்ந்து வரச் சொல்லிட்டாங்க மாமா!" என்றாள். மோசஸைப் பார்த்து, "தேங்க்ஸ் அண்ணே" என்றாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் மச்சானைச் சுற்றிப் பத்து பேர். "வெளிநாட்டு சாமான்பா! எப்டி வேணா வளையும். காலைல நான்தான் ரோசன பண்ணி எடுத்துக் குடுத்தேன். இல்லன்னா இவனால இன்னா பண்ணமுடியும்?"

மோசஸ் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே எனக்கு இலை போட்டிருந்தது.

மச்சானுக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் கிடையாது — அந்த தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்!