ஏசிக்குத் தோல் வாஷர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் ஃபிட்டர். டிரம், பம்ப், ஸ்ப்ரே மெஷின் கம்ப்ரஸர் எல்லாம் என் பொறுப்பு. படிப்பு ஆறாவதோடு சரி. அதிகம் பேச மாட்டேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம். முதலாளி பாய் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கார் ஏசி அனலாக ஊதியது. மறுநாள் காலை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் இறங்குகிறார்; அவரைக் கூட்டிவர அந்தக் கார்தான். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் டேனரி ஓடும். இல்லையென்றால் பாதிப் பேர் வீட்டில் உட்கார வேண்டும்.

"வேலூர் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடலாமே பாய்," என்றான் டிரைவர் வேலு.

"அவன் நாளன்னிக்குதான் வருவானாம். ஏம்பா, நீ கம்ப்ரஸர் பாக்கறவன்தானே? இதுவும் கம்ப்ரஸர்தானே?"

"ஆமா பாய்," என்றேன்.

போர்ட்டிகோவிலேயே பானெட்டைத் திறந்தேன். சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு பைப் ஜாயின்ட்டில் நுரை கிளம்பியது. கழற்றினால் உள்ளே ரப்பர் ரிங் வெடித்திருந்தது. அந்த சைஸ் ஆம்பூரில் எந்தக் கடையிலும் இல்லை.

எங்கள் பம்புக்குத் தோலில்தான் வாஷர் வெட்டுவோம். எண்ணெயில் ஊறவைத்தால் சொட்டு ஒழுகாது. டேனரிக்குப் போய் நல்ல தோலாகப் பார்த்து வெட்டி, ஊறவைத்து, மாட்டி இறுக்கினேன். கேஸ் ஏற்ற வாணியம்பாடியிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்தார்.

"இன்னாண்ணே இது, தோலா?"

"பம்புல வருஷக்கணக்கா நிக்குது. நீ ஏத்து."

ஏற்றினார். சில்லென்று காற்று வந்தது. பாய் உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீரைத் தாங்கும் தோல் கேஸைத் தாங்காது. அது எனக்குத் தெரியாது. தோலுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் வேலு ஓட்டிவந்த காரிலிருந்து பையர் டேனரி வாசலில் இறங்கினார். டை பாக்கெட்டில் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா ஆச்சு வேலு?" என்றார் பாய்.

"காவேரிப்பாக்கம் வரைக்கும் ஊட்டி பாய். அப்புறம் பாய்லர் ரூம்."

பாய் என்னைப் பார்த்தார். "பானெட்டத் தொற. இன்னா வச்சேன்னு காட்டு."

ஜாயின்ட்டைக் கழற்றி வாஷரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பாய் வாங்குவதற்குள் பையர் எடுத்துக்கொண்டார். வளைத்தார், தேய்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆர்டர் போயிற்று, எல்லோரும் என்னைத்தான் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"இன்னா சொல்றாரு பாய்?"

"நம்ம தோலான்னு கேட்டான், ஆமான்னேன். தடிப்பு ஜாஸ்தியாம், இன்னும் ஷேவ் பண்ணி மெலிசாக்கணுமாம். வாஷர்ல கூட கொற கண்டுபுடிக்கிறான்டா!"

சாயந்தரம் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் பையர் கிளம்பினார், தோலின் தடிப்பைக் குறைக்கச் சொல்லி. வேலு வாடகைக் காரில் ஏற்றிப் போனான். பாய் என்னிடம் வந்தார்.

"ஆர்டர் உன்னால வரல. உன்னால போவவும் இல்ல. அல்லாவுக்கு நன்றி சொல்லிட்டு டிரம்மைப் போய்ப் பாரு."

அதற்குப் பிறகு யார் என்ன ரிப்பேர் என்று வந்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன். உள்ளே ஓடுவது தண்ணீரா, எண்ணெயா, கேஸா? கேஸ் என்றால் வேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று காட்டிவிடுவேன்.